நின்ற இடத்தில் நின்றவள்

மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, அதோடு அமாவாசை. மதியம் மூன்று மணி வெயிலில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறைகள் வெளுத்துக் கிடந்தன. கொடிக் கம்பி கையைச் சுட்டது.

"ஏம்மா, ரேவதின்னு ஒரு பொண்ணு, உங்களுக்குத் தெரியுமா? கழுத்துல கார்டு தொங்குது. அதுல இந்த நம்பர் போட்டிருக்குது."

"தெரியும் சார். நான் அவளோட டீச்சர். என்ன ஆச்சு?"

"இன்னும் ஒண்ணும் ஆவல. ஆவறதுக்குள்ள வாங்க. நான் பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் பேசறேன். பஸ்சு வந்து நிக்கிற எடத்துல நட்டநடுவுல நிக்குது. யார் கூப்ட்டாலும் நவுர மாட்டேங்குது. இழுத்தா கடிக்குது."

அவர் குரலுக்குப் பின்னால் இரண்டு மூன்று ஹாரன்கள் ஒன்றாக அலறின. துணிகளைக் கைப்பிடிச் சுவர் மேலேயே போட்டுவிட்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடி ஓடினேன்.

அமாவாசையன்று செஞ்சி பேருந்து நிலையம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் எங்கிருந்தெல்லாமோ வந்து இங்கே இறங்கி மாறும். மஞ்சள் புடவை, எலுமிச்சம்பழ மாலை, வேப்பிலைக் கட்டு, தோளில் தூங்குகிற குழந்தைகள். பேருந்து உள்ளே நுழைவதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். அன்று ஞாயிறும் சேர்ந்துகொண்டதால் கூட்டம் இரண்டு மடங்கு.

ஸ்கூட்டரை வெளியிலேயே நிறுத்திவிட்டுப் புகுந்து போனேன். கூட்டம் ஓரிடத்தில் மட்டும் வட்டமாக விலகி நின்றது. நடுவில் ரேவதி. மஞ்சள் சுடிதார். இரண்டு கால்களையும் ஒட்டி வைத்து, கைகளை உடம்போடு இறுக்கி, பிரேயரில் நிற்பதுபோல நின்றாள். அவளுக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு பேருந்தின் பின்பக்கம்.

போனில் பேசியவர் ஏழுமலை. ஐம்பதைத் தாண்டியவர், காக்கிச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"ரிவர்ஸ் வந்துகினு இருக்கறான். கண்டக்டர் விசில் ஊதறாரு. எல்லாரும் ஒதுங்கறாங்க, இது மட்டும் ஒதுங்கல. அவரு ஓடியாந்து பஸ்ச தட்டி நிறுத்தனாரு. ஒரு மொழம் இருந்திருக்கும்மா, அவ்ளோதான்."

ரேவதியின் கையில் யாரோ இழுத்த விரல் தடங்கள் சிவப்பாகத் தெரிந்தன. பக்கத்தில் ஒருவர் தன் கையைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு முறைத்தபடி நின்றார்.

"ரேவதி, மிஸ் வந்திருக்கேன் பாரு. வா, போலாம்."

என்னைப் பார்த்ததும் சிரித்தாள். சந்தோஷம்தான். ஆனால் கால் அசையவில்லை.

"நின்னா," என்றாள்.

 அந்தச் சொல் நான் கற்றுக்கொடுத்தது.

கதை சொல்ல வராத டீச்சர்

அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக எங்கள் மையம் பஜாருக்குப் பின்னால் ஒரு நீள அறையில் தொடங்கியதைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டார்: "கதை சொல்லியே பாடம் நடத்தினீங்களாமே, அவ்வளவு நல்லா கதை சொல்லுவீங்களா?"

இல்லை. எனக்குக் கதை சொல்ல வராது. ஒரு சினிமா பார்த்துவிட்டு வந்தால் யார் செத்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். என் கணவர் காதைப் பொத்திக்கொள்வார்.

படிப்பு முடித்து வந்த புதிதில் என்னிடம் படம் போட்ட அட்டைகள்தான் இருந்தன. ஆப்பிள், கப்பல், பனிக்கரடி. பிள்ளைகள் அட்டையின் மூலையைக் கடித்தார்கள். அட்டை சரிப்படாது என்று கதைக்கு வந்தேன். காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பித்தேன். ஒரு பிள்ளை எழுந்து போய் பீரோவுக்குப் பின்னால் சிங்கத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை என்று அழுதாள். அன்றைய பாடம் அதோடு சரி.

மெல்ல மெல்லத்தான் புரிந்தது. சிங்கம் வேண்டாம். கதைக்குள் அந்தப் பிள்ளையின் பெயரே இருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த இடம், கையால் தொடக்கூடிய பொருள். ஒரு கதையில் ஒரே விஷயம். நேற்றுச் சொன்ன அதே வார்த்தை இன்றும் வர வேண்டும். முடிவை முன்னாலேயே சொல்லிவிட்டாலும் அவர்களுக்குக் கோபம் வராது. அந்த விதத்தில் நான் பொருத்தமான ஆள்தான்.

பவானி என்று ஒரு பிள்ளை. காத்திருப்பது என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. சோறு வர ஒரு நிமிடம் தாமதமானால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். ஒரு நாள் இட்லிப் பானையை மையத்துக்கே கொண்டுபோனேன். மாவைத் தொட்டுப் பார்க்க வைத்தேன். மூடியை மூடிவிட்டு, "இட்லி தூங்குது. பவானி எழுப்பல. இட்லி எழுந்துக்கும்" என்றேன். அவ்வளவுதான் கதை. ஆவி வரும் வாசனையில் மூக்கை விடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து இருபது பானை இட்லிக்குப் பிறகு, ஆஸ்பத்திரி வரிசையில் அவள் தன் அம்மாவிடம் "இட்லி தூங்குது" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தாளாம். அவள் அம்மா அன்றைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கதை வேலை செய்கிறது என்று நினைத்தேன். எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்கவில்லை.

ரேவதிக்குச் சொன்ன கதை

ரேவதிக்கு அப்போது பதின்மூன்று வயது. தளவானூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். அவள் நைனா பெங்களூரில் கட்டட வேலை, பண்டிகைக்கு வருவார். அம்மா அஞ்சலை கூலி வேலைக்குப் போகிறவர். காலையில் மகளை டவுன் பஸ்ஸில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வேலை முடிந்து மாலையில் வந்து அழைத்துப் போவார்.

ஒரு நாள் அஞ்சலை என்னிடம் வந்து நின்றார்.

"டீச்சர், கூட்டத்துல கைய உட்டுட்டா எங்கன்னா ஓடிப்பூடுறா. போன வாரம் சந்தையில அரை மணி நேரம் தேடனேன். வயசுக்கு வர்ற பொண்ணு. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. இதுக்கு ஒரு கதை சொல்லுங்க."

சொன்னேன். ஒரு துணிப் பொம்மைக்கு மஞ்சள் உடை போட்டு, இன்னொன்றுக்கு அஞ்சலையின் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு சொன்னேன்.

"ரேவதியும் அம்மாவும் பஸ் ஸ்டாண்டு போனாங்க. கூட்டம். அம்மா கை விட்டுப் போச்சு. ரேவதி ஓடினாளா? ஓடல. நின்ன எடத்துலயே நின்னா. அம்மா வந்தாங்க."

மூன்று வாரம் தினமும் சொன்னேன். நான் "ஓடினாளா?" என்று கேட்டதும் ரேவதி அறை அதிர "நின்னா!" என்று கத்துவாள். "அம்மா வந்தாங்க" என்ற இடத்தில் கை தட்டுவாள். குறிப்பேட்டில் 'இலக்கு அடைந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கே நிற்க வேண்டும் என்று அந்தக் கதையில் இல்லை. வேறு யாராவது வந்தால் என்ன செய்வது என்றும் இல்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

எலுமிச்சம்பழம்

பேருந்து நிலையத்தில் அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, கதையை நீட்டிப் பார்த்தேன்.

"ரேவதி நின்ன எடத்துலயே நின்னா. அப்பறம் யார் வந்தாங்க? மிஸ் வந்தாங்க. ரேவதி மிஸ் கூடப் போனா."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். டீச்சருக்கே கதை மறந்துவிட்டது போலிருக்கிறது என்கிற பார்வை.

"இல்ல. அம்மா வந்தாங்க."

 ஏழுமலை எங்கிருந்தோ இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் போட்டார். விசிலை எடுத்து ஊதினார்.

"மலையனூர் வண்டியெல்லாம் அந்தப் பக்கம் போடு! இங்க வராத! இங்க ஆள் நிக்குது!"

எத்தனை வண்டிகள் அன்று இடம் மாறி நின்றன என்று எனக்குத் தெரியாது. திட்டிக்கொண்டே போனவர்கள் உண்டு. "இன்னா சாமி வந்திருக்குதா?" என்று கேட்டவர்களும் உண்டு. அமாவாசைக் கூட்டம் அல்லவா. ஒரு வயதான அம்மாள் என்னை விலக்கிவிட்டு வந்து, ரேவதியின் காலடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக் கும்பிட்டார். "கொழந்தைக்கு ஒடம்பு முடியலம்மா, நீதான் பாத்துக்கணும்" என்றார். ரேவதி குனிந்து பழத்தைப் பார்த்தாள். மறுபடி நிமிர்ந்து நின்றாள்.

உதடு வெடித்திருந்தது. தண்ணீர் பாட்டிலை வாயருகே பிடித்தேன். நின்றபடியே குடித்தாள். கொஞ்ச நேரத்தில் கால் நடுங்க ஆரம்பித்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கதையில் உட்காரவில்லையே.

முக்கால் மணி நேரம் அப்படி நின்றோம். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரு பிள்ளையின் பக்கத்தில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அஞ்சலை திண்டிவனம் ரோட்டுப் பக்கமிருந்து ஓடிவந்தார். கொண்டை அவிழ்ந்து, செருப்பில்லாமல். ஊர் பஸ்ஸில் ஏறும்போது பின்னால் வந்தவர்கள் அவரை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். மகள் முன்னால் ஏறிவிட்டாள் என்று நினைத்திருக்கிறார். பஸ் செஞ்சி எல்லையைத் தாண்டிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டு வந்ததால் கையில் போன் இல்லை. இறங்கி ஓடி வந்திருக்கிறார்.

வந்ததும் மகளின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அம்மா வந்தாங்க," என்று ரேவதி கை தட்டினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏழுமலை நடந்ததைச் சொன்னார். அஞ்சலை என் பக்கம் திரும்பினார்.

"ஏன் டீச்சர் நவுரல அவ?"

வேறு ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். பயந்துபோயிருப்பாள் என்றால் நம்பியிருப்பார்.

"நான் சொன்ன கதைதாம்மா. நின்ன எடத்துலயே நிக்கணும்னு சொன்னேன். எங்க நிக்கணும்னு சொல்லல."



"கதைய சொல்லி எம் பொண்ண பஸ்சுக்கு அடியில நிக்க வெச்சீங்களா?"

மகளைத் தூக்கி நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். எலுமிச்சம்பழம் அங்கேயே கிடந்தது.

காலியான பாய்

திங்கட்கிழமை ரேவதி வரவில்லை. அவள் உட்காரும் பாய் காலியாகக் கிடந்தது. அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை.

நான் கதை சொல்வதை நிறுத்திவிட்டேன். மறுபடி அட்டைகளை எடுத்தேன். பிள்ளைகள் மறுபடி மூலையைக் கடித்தார்கள். பவானி இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். 'இலக்கு அடைந்தது' என்று எழுதிய பக்கத்தைத் திறக்கவே கை வரவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனேன். மல்லாட்டை பிடுங்குகிற பருவம். வீட்டு வாசலில் நிலக்கடலைச் செடிகளைக் குவித்துப் போட்டு அஞ்சலை காய் ஆய்ந்துகொண்டிருந்தார். ஈர மண் வாசனை. ரேவதி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு காயாகக் கிள்ளிக் கூடையில் போட்டாள்.

அஞ்சலை "வாங்க" என்றார்.  நானும் உட்கார்ந்து காய் ஆய ஆரம்பித்தேன். நகக்கண்ணில் மண் ஏறியது. கால் கூடை நிறைந்த பிறகு சொன்னேன்.

"தப்பு என்னுதுதாம்மா. அத இல்லன்னு சொல்ல வரல. பொண்ண அனுப்புங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

"நீங்க தப்பா சொல்லணும்னா சொன்னீங்க? எனக்குத் தெரியாதா," என்றார் அஞ்சலை. கை நிற்கவில்லை. "அன்னிக்கு வவுத்தெரிச்சல்ல கத்திட்டேன். ஆனா டீச்சர், நீங்க ரூமுக்குள்ள பொம்மைய வெச்சி சொன்னீங்க. அங்க பொம்மையா இருக்குது? பஸ்சு இல்ல இருக்குது. அங்க வந்து சொல்லணும் நீங்க."

பயிற்சியில் எனக்கு யாரும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை.

ரேவதியைக் கேட்டேன். "அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல தொலஞ்சி போயிட்டியே, பயந்தியா?"

அவள் காய் கிள்ளுவதை நிறுத்தினாள். முகம் சுருங்கியது.

"நானு தொலையல. நானு நின்னேன். அம்மாதான் தொலஞ்சிட்டாங்க."

அஞ்சலை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் சிரித்தார். "ஆமாண்டி, நான்தான் தொலஞ்சேன்" என்றார்.

அம்மா தொலைந்த கதை

பழைய கதையில் ஒரு எழுத்தை மாற்றவும் ரேவதி விடமாட்டாள். அதனால் அதைத் தொடவில்லை. புதிதாக ஒன்று தொடங்கினோம். அதில் தொலைந்து போகிறவர் அம்மா. கண்டுபிடிக்கிறவள் ரேவதி.

கூட்டமில்லாத நாட்களாகப் பார்த்து, மதிய நேரத்தில் மூன்று பேரும் பேருந்து நிலையத்துக்குப் போனோம். டைம் ஆபீஸ் வாசலில் ஒரு தூண் இருக்கிறது. அதைத் தொட்டுக்கொண்டு கதையைச் சொன்னேன்.

"அம்மா தொலஞ்சிட்டாங்க. ரேவதி தூணுகிட்டப் போனா. காக்கிச் சட்டை மாமாகிட்ட சொன்னா, எங்கம்மாவக் காணோம்னு. மாமா தேடனாங்க. அம்மா கெடச்சாங்க."

சொல்வதோடு விடவில்லை, நடந்தோம். பழக்கடையிலிருந்து தூண் வரை. குடிதண்ணீர்க் குழாயிலிருந்து தூண் வரை. பஸ் நிற்கும் இடத்தை அடையாளம் காட்டி, அங்கிருந்து விலகித் தூண் வரை. ஏழுமலை ஒவ்வொரு முறையும் முதல் முறைபோலக் கேட்பார்: "அப்டியா? இன்னா கலர் பொடவ உங்கம்மா?"

பிறகு அஞ்சலை நிஜமாகவே ஒளிந்துகொள்ளத் தொடங்கினார். முதல் நாள் ரேவதி அசையாமல் நின்றுவிட்டாள், நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டியிருந்தது. இன்னொரு நாள் தூண் வரை போனாள், வாய் திறக்கவில்லை. ஒரு நாள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு நாள் ஏழுமலைக்கு லீவு, காக்கிச் சட்டையில் வேறு ஆள். அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். அதற்காக அந்தப் புது ஆளிடமும் கெஞ்சிப் பழக்கினோம். கண்டக்டர்களிடமும் சொல்லி வைத்தோம். மாதங்கள் ஓடின. குறிப்பேட்டில் தேதி மட்டும் போட்டேன், வேறெதுவும் எழுதவில்லை.

ஒரு சந்தை நாள். ஓரளவு கூட்டம். டீக்கடைக்குப் பின்னால் அஞ்சலை ஒளிந்துகொண்டார். நான் தூரத்தில் ஒரு பேருந்தின் நிழலில் நின்று பார்த்தேன்.

ரேவதி திரும்பிப் பார்த்தாள். அம்மா இல்லை. இரண்டு முறை சுற்றிப் பார்த்தாள். ஒரு வண்டி உள்ளே நுழைந்தது. ஒதுங்கினாள். பிறகு ஆட்களை முட்டிக்கொண்டு நேராகத் தூணுக்குப் போனாள். அன்று அங்கே ஏழுமலை இல்லை. அவள் இதுவரை பார்த்தே இராத ஒரு கண்டக்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் காக்கிச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கம்மாவக் காணோம்."

அவர் குனிந்து ஏதோ கேட்டார். அவள் புடவை நிறத்தைச் சொன்னாள்.

நான் டீக்கடைக்குப் பின்னால் ஓடினேன். அஞ்சலை ஒரு கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"வாங்கம்மா, போலாம். தேடறா."

"இருங்க டீச்சர். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"ஏம்மா?"

"எனுக்கு ஒண்ணு ஆயிட்டா இவ இன்னா பண்ணுவான்னு நெனச்சி நெனச்சி எத்தினி வருஷமா சோறு எறங்காம கெடந்தேன் தெரியுமா? நா இல்லாத எடத்துல எப்டி இருப்பான்னு இன்னிக்குத்தான் பாக்கறேன். இன்னும் ரவ நேரம் பாத்துக்கறேன்."

நானும் அவர் பக்கத்தில் நின்றேன். டீக்கடையின் பின்சுவர் ஓரமாகப் பார்த்தோம். கண்டக்டர் ரேவதிக்குப் பக்கத்தில் நின்று விசில் ஊதினார். யாரோ ஒரு பெண் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். ரேவதி குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் அழவில்லை. தேடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அஞ்சலை முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

ரேவதி அம்மாவைப் பார்த்ததும் கை தட்டவில்லை. "எங்க போன நீ?" என்று அதட்டினாள். அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தக் கண்டக்டரிடம் திரும்பிச் சொன்னாள்:

"கெடச்சிட்டாங்க."